சாஸ்நாலாவின் சுவர்

1975 டிசம்பர் 27. நெருக்கடிநிலைக் காலம். அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள தன்பாத் மாவட்டத்தின் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துள் நீர் புகுந்தது. 375 தொழிலாளர் மாண்டனர். அருகில் தாமோதர் ஓடுகிறது; ஆயினும் புகுந்தது ஆற்றுநீர் அன்று. மேலே, கைவிடப்பட்ட பழைய வெட்டுகளில் தேங்கி நின்ற நீர் அது. அந்நீருக்கும் மனிதர்க்கும் நடுவே வெட்டாமல் விடப்பட்டிருந்த நிலக்கரித் தடுப்பு உடைந்தது.

சுரங்கச் சட்டமும் விசாரணை அறிக்கைகளும் இத்தகைய நிகழ்வுகளை 'வெள்ளப்பெருக்கு' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. மொழியியல் வழியாக இந்த ஆய்வுக்கு வந்த எனக்கு அச்சொல் உறுத்துகிறது. தமிழில் நீர் கசியும், ஊறும், சுரக்கும், பீறிடும். ஒவ்வொன்றும் வேறு வேகம், வேறு காலம். 'வெள்ளம்' என்றதும் வரலாறு அந்தப் பகற்பொழுதில் தொடங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய கசிவின் காலம் மறைந்துபோகிறது.

அக்காலத்தில் நடப்பது என்ன? 1856-இல் டிஜோன் நகரின் குடிநீர் ஏற்பாட்டைப் பற்றி எழுதிய நூலில் ஹென்றி டார்சி, மணலினூடே நீர் செல்லும் விதியை வகுத்தார். அவ்விதியில் மணலின் நீர்விடு திறன் மாறாத ஓர் எண். சுரங்கத்தடியில் அது மாறாமல் இருப்பதில்லை. 100 மீட்டர் உயரப் பாறை ஒரு சதுர மீட்டர்மேல் ஏறத்தாழ 250 டன் பாரத்தை ஏற்றுகிறது. நிலக்கரியை வெட்டியெடுத்ததும், அது தாங்கிய பாரம் எஞ்சிய தூண்களின்மேலும் தடுப்புச் சுவரின்மேலும் சாய்கிறது. களிப்பாறை, நிலக்கரி போன்ற மென்பாறைகள் இதை இருவகையில் ஏற்கின்றன. முதலில் நுண்வெடிப்புகள் நெருங்கி மூடிக்கொள்ளும், கசிவு குறையும். பாரம் மேலும் ஏறினால் புதிய வெடிப்புகள் பிறந்து ஒன்றோடொன்று கைகோக்கும், கசிவு பன்மடங்காகும். வெடிப்பின் அகலம் இருமடங்கானால் அதன்வழிச் செல்லும் நீர் எட்டு மடங்கு. ஆகவே சுவர் உலர்ந்திருப்பது மட்டுமே அதன் நலத்துக்குச் சான்றாகாது. நெரிபடத் தொடங்கிய சுவரும் சிலகாலம் உலர்ந்தே தோன்றலாம்.

நீரும் சும்மா இருப்பதில்லை. 100 மீட்டர் உயரத்துக்குத் தேங்கிய நீர் சதுர மீட்டருக்கு 100 டன் அழுத்தம் தரும். 1920-களில் கார்ல் டெர்சாகி மண்ணில் கண்டது பாறைக்கும் பொருந்தும்: துளைநீரின் அழுத்தம் கூடினால், துகளோடு துகளை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம் அவ்வளவுக்குக் குறையும். போதாததற்குக் களிப்பாறை நீர்பட்டு இளகும்.

இதை அன்றைய சட்டம் அறியாமலில்லை. நீர் தேங்கியிருக்கக்கூடிய பழைய வெட்டுகளுக்கு 60 மீட்டருக்குள் முன்அனுமதியின்றி வெட்டக் கூடாது. வெட்டுமுகத்துக்கு முன்னே குறைந்தது 3 மீட்டருக்குத் துளையிட்டு நீரைச் சோதித்தபடியே நகர வேண்டும் என்பவை 1957-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள். ஆனால் 60 மீட்டரை அளப்பது வரைபடத்தில். பழைய வெட்டு எங்கே முடிகிறது என்று வரைந்தவர் பிழைசெய்திருந்தால் அளவும் பிழை. வரைபடம் சரியாகவே இருந்தாலும் அது காட்டுவது தடிமனை. வெடிவைப்பிலும் பாரத்திலும் நைந்தது போக எஞ்சிய தடிமனை அன்று. சாஸ்நாலாவை இயற்கைச் சீற்றமாகப் படிப்பவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான். நீதிமன்றமும் அப்படிப் படிக்கவில்லை. அலட்சியத்துக்காக இரு அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்றது. தீர்ப்பு வந்த ஆண்டு 2012.

இடைப்பட்ட காலத்தில் சுவர்கள் உடைந்துகொண்டே இருந்தன. 2001 பிப்ரவரியில் அதே தன்பாத்தின் பாக்டிகியில் பக்கத்துப் பழைய சுரங்கத்து நீர் புகுந்து 29 பேர் இறந்தனர். அதற்கு முன்பே, 1989 நவம்பரில், மேற்கு வங்கத்து ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்தில் நீர் சூழ்ந்து 71 பேர் அகப்பட்டனர், அறுவர் இறந்தனர். மற்ற 65 பேரையும் மீட்க, மேலிருந்து புதிதாக ஒரு துளை இடப்பட்டது. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் இரும்புக் கூண்டொன்றில் தாமே அதன்வழி இறங்கி, அவர்களை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார்.