புண்ணோன் கிடந்த வீடு

களத்தில் மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள்; பீலி சூட்டினார்கள், பெயர் பொறித்தார்கள், படையலிட்டார்கள். புண்பட்டும் சாகாமல் வீடு திரும்பியவனுக்கு என்ன செய்தார்கள்? நடுகல்லைப் பற்றி எழுதிக் குவித்த நம் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியின் பக்கம் அதிகம் வந்ததில்லை. விடையோ புறநானூற்றிலேயே இருக்கிறது.

அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாடலில் கணவன் விழுப்புண்ணோடு கிடக்கிறான். அவனைக் காக்க வருமாறு மனைவி தோழியை அழைக்கிறாள். வீட்டில் இரவந்தழையும் வேம்பும் செருக வேண்டும். யாழும் பிற கருவிகளும் ஒலிக்க வேண்டும். மையிட்டு, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்ப வேண்டும். எளாவூரை அடுத்த சிற்றூர்களில் இன்றும் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். உள்ளே நோயாளி இருக்கிறார், பார்த்து வாருங்கள் என்று அந்தக் கொத்தே சொல்லிவிடும். சங்க காலத்து வேம்பும் அப்படி ஓர் அறிவிப்பாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இத்தனை ஏற்பாடும் எதற்காக? பாடலின் கடைசி அடிகளில் அவளே காரணம் சொல்கிறாள். வேந்தனுக்கு நேரவிருந்த துன்பத்தைத் தன் உடம்பில் தாங்கியவன் இவன். நன்றிக்கடன் யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் கடன்பட்ட வேந்தன் அந்த வீட்டில் இல்லை. இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் இரண்டு பெண்கள்.

296ஆம் பாடல் ஒரு தெருவையே காட்டுகிறது. வீட்டுக்கு வீடு வேப்பங்கிளை ஒடிக்கிறார்கள், காஞ்சி பாடுகிறார்கள், நெய்க்கையோடு கடுகு புகைக்கிறார்கள். எங்கும் ஒரே ஆரவாரம். ஒருவனுடைய தேர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. புண்ணோடாவது வந்துவிட மாட்டானா என்று ஏங்குவதும் அந்தத் தெருவில் ஒரு வாழ்க்கைதான்.

தொல்காப்பியர் இவ்வகைப் பாடல்களை வெற்றியைப் பாடும் வாகையில் வைக்கவில்லை. நிலையாமை பேசும் காஞ்சியில் வைத்தார். நடுகல்லோ வெட்சியில் வருகிறது. புண்பட்டவனைப் பேய் அணுகாமல் மனைவி காப்பது தொடாக்காஞ்சி. காக்கும் சுற்றம் இல்லாதவனுக்கு யார் துணை? பேயே துணை என்கிறது இலக்கணம். அந்தத் துறைக்குப் பேய்ப்பக்கம் என்று பெயர். இந்தத் துறையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மனம் ஒரு கணம் திடுக்கிடும்.

கடன்பட்டவன் நேரில் வருவதும் உண்டு. நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடி. அதில் தலைவியின் அரண்மனையும் கட்டிலும்தான் நம் நினைவில் நிற்கின்றன. இறுதிப் பகுதிக்கு வாருங்கள். நள்ளிரவு, வாடை, தூறல். பாசறை விளக்குகளின் சுடர் காற்றில் சாய்கிறது. சேணம் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேலே விழுந்த துளிகளை உதறுகின்றன. உறங்காத அரசன், மேலாடை நழுவ, ஓர் இளைஞனின் தோளில் கைவைத்தபடி சிலரோடு வெளியே வருகிறான். வேம்பு கட்டிய வேலோடு முன்னே செல்பவன் புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் முகம் மலர்ந்து பார்க்கிறான். பரிசில் எதையும் புலவர் பேசவில்லை. இந்த வேம்பு பாண்டியனின் அடையாளம் என்று கொண்டு, பாட்டு அகமா புறமா என்று உரையாசிரியர் காலம் முதல் வழக்காடி வருகிறோம். அந்த வழக்கின் சத்தத்தில், மழையில் வந்து பார்த்தவனையும் பார்க்கப்பட்டவர்களையும் மறந்துவிட்டோம்.

பிற்காலத்தில் மக்களே திரண்டு உதவியதும் உண்டு. முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல், 'டாண்டா' என்ற பயணிகள் கப்பல், சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதியால் மருத்துவமனைக் கப்பலாக மாறி 'மதராஸ்' எனப் பெயர் பெற்றது. காயமுற்றோரை அது கரை சேர்த்தது. கரையிலிருந்து வீடு வரையிலும், வீட்டுக்குள் அதற்குப் பிந்தைய இரவுகளிலும் துணை நின்றவர்கள் 281ஆம் பாடலின் பெண்களைப் போன்றவர்களே. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள். போரில் ஊனமுற்றோரின் மறுவாழ்வும் படைவீரர் குடும்பங்களின் நலமும் அந்த நிதியின் நோக்கங்கள். அன்று வகுப்பில் உண்டியல் சுற்றி வந்த பிறகு, 281ஆம் பாடலை வாய்விட்டு ஒருமுறை படிப்பது என் வழக்கம். எங்கள் பாடத்திட்டத்தில் அந்தப் பாடல் இல்லை.