பனிக்குள் ஓடியவனும் ரேடியோ கேட்ட ஊரும்

இந்த எபிசோடில் நாம போகப்போறது கனடாவின் வடகோடிக்கு. இரண்டு தேடுதல் வேட்டைகள். ஒன்று 1932-ல், இன்னொன்று 2019-ல். நடுவில் 87 வருஷ இடைவெளி. ஆனா இரண்டிலும் போலீஸ் ஒரு பக்கம் தேடிக்கிட்டு இருக்க, இன்னொரு பக்கம் ஊரே உட்கார்ந்து கதை கட்டிக்கிட்டு இருந்தது. அந்தக் கதை கட்டுறதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

முதலில் 1932.

ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ரேட் ரிவர் என்று ஓர் ஆறு. 1931 ஜூலையில் அந்தப் பக்கம் ஃபோர்ட் மெக்பர்சன் என்ற சின்னக் குடியிருப்புக்கு ஒருத்தர் வந்து சேர்ந்தார். பெயர் ஆல்பர்ட் ஜான்சன் என்றார். அது உண்மைப் பெயர்தானா என்பதிலேயே சந்தேகம் உண்டு. எட்கர் மில்லன் என்ற ஆர்சிஎம்பி கான்ஸ்டபிள் அவரை விசாரித்தார். ஜான்சன் அதிகம் பேசவில்லை. ரேட் ரிவர் கரையில் எட்டடிக்குப் பத்தடி மரக் குடிசை ஒன்றைக் கட்டிக்கொண்டு தனியாக இருந்தார்.

டிசம்பரில் ஒரு புகார் வந்தது. அந்தப் பகுதியில் பிழைப்பே கண்ணி வைத்து விலங்கு பிடித்து, அதன் ரோமத்தோலை விற்பதுதான். யாரோ எங்க கண்ணியில் கை வைக்கிறாங்க, அந்தப் புது ஆள் மேல்தான் சந்தேகம் என்றார்கள். கான்ஸ்டபிள் ஆல்ஃப்ரெட் கிங்கும் துணைக் காவலர் ஜோ பெர்னார்டும் நாய்வண்டியில் சுமார் 100 கிலோமீட்டர் போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே ஆள் இருந்தார், ஆனால் பதில் இல்லை. ஆக்லாவிக் வரை போய் சோதனை வாரன்ட் வாங்கிக்கொண்டு டிசம்பர் 31 அன்று மறுபடி வந்தார்கள். கிங் கதவைத் தட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து குண்டு வந்தது. கூட வந்தவர்கள் சுமார் 20 மணி நேரம் விடாமல் நாய்வண்டி ஓட்டி, அவரை ஆக்லாவிக் மருத்துவரிடம் சேர்த்தார்கள். கிங் பிழைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு படையே போனது. ஒன்பது பேர், 42 நாய்கள், சுமார் ஒன்பது கிலோ டைனமைட். குளிர் மைனஸ் 40 டிகிரி. டைனமைட் போட்டுக் குடிசையை உடைத்தார்கள். ஆள் செத்திருப்பார் என்று நெருங்கினால், குடிசைக்குள் தோண்டி வைத்திருந்த குழியிலிருந்து அவர் திருப்பிச் சுட்டார். பதினைந்து மணி நேரம் சண்டை. கடைசியில் பின்வாங்கியது போலீஸ். மறுபடி வந்தபோது குடிசை காலி.

ஜனவரி 30 அன்று ஒரு சிறு குழு அவரைச் சுற்றி வளைத்தது. அந்த மோதலில் எட்கர் மில்லன் இறந்தார். ஆறு மாசத்துக்கு முன்னாடி ஜான்சனிடம் பெயர் கேட்ட அதே மில்லன். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இங்கேதான் ரேடியோ உள்ளே வருகிறது. ஆக்லாவிக்கில் ராணுவத்தின் சிக்னல் பிரிவுக்கு ஒரு வானொலி நிலையம் இருந்தது. ஆள் உதவி கேட்டு வேட்டைக்காரர்களுக்குச் செய்தி போனது அதன் வழியாகத்தான். வடக்கிலிருந்து செய்தி வெளியே போனதும் அதே ரேடியோ வழியாகத்தான். தெற்கே பொருளாதாரப் பெருமந்தம். வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த ஜனங்களுக்கு இது தினமும் தொடரும் சஸ்பென்ஸ் கதை ஆகிவிட்டது. பத்திரிகைகள் வைத்த பெயர் ‘மேட் டிராப்பர்’. பைத்தியக்கார வேட்டைக்காரன்.

அவர் பைத்தியமா? யாருக்கும் தெரியாது. முதல் உலகப் போரில் குறிபார்த்துச் சுட்டவன், அமெரிக்காவிலிருந்து தப்பி வந்த ரவுடி, தனிமையில் புத்தி பேதலித்தவன் என்று ஆளாளுக்கு ஒரு கதை. தேடல் நடந்த நாட்கள் முழுக்க அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு தகவலும் தரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் எல்லாக் கதையும் வளர்ந்தது.

தேடல் எப்படி முடிந்தது என்று பாருங்க. மலைக் கணவாய்களில் போலீஸ் ஆள் நிறுத்தியிருந்தது. பனிப்புயலில் ரிச்சர்ட்சன் மலைத்தொடரை யாரும் தாண்ட முடியாது என்பது எல்லோருடைய கணிப்பு. அப்போது குவிச்சின் பழங்குடியைச் சேர்ந்த வேட்டைக்காரர் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் ஸ்னோஷூவின் தடம் ஒன்று அங்கே தெரிகிறது, அது எங்க ஆட்களுடையது இல்லை என்றார். அவன் யார், ஏன் ஓடுகிறான் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னார். மொத்தத் தேடலும் அதனால் திசை மாறியது.

அடுத்தது விமானி வாப் மே. ஜான்சன், கரிபூ மான் கூட்டம் மிதித்துப் போன பாதையில், உறைந்த ஆற்றின் நடுவே நடந்திருந்தார். மான் தடத்துக்குள் மனிதத் தடம் மறைந்துவிடும். நல்ல தந்திரம். ஆனால் ராத்திரி தங்குவதற்குக் கரைக்கு ஒதுங்கித்தானே ஆகணும்? அப்படி ஒதுங்கிய தடம் மேலேயிருந்து தெரிந்தது. பிப்ரவரி 17, ஈகிள் ஆற்றில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று குண்டடிபட்ட ஹெர்சி, சிக்னல் பிரிவைச் சேர்ந்த ரேடியோக்காரர். மே அவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் உயிரைக் காப்பாற்றினார். கதவு வழியாக வந்த அந்த முதல் குண்டிலிருந்து எண்ணினால் 48 நாள்.

ஜான்சனின் சடலத்தோடு 2,000 டாலருக்கு மேல் பணமும், தங்கப் பல் வேலைப்பாட்டுத் துண்டுகளும் கிடைத்தன. கைரேகை யாருடையதோடும் பொருந்தவில்லை. 2007-ல் கல்லறையைத் தோண்டி டிஎன்ஏ எடுத்தார்கள். ‘அவர் எங்க வீட்டு ஆள்தான்’ என்று நம்பிவந்த குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. பல்லில் இருந்த வேதித் தடயங்களோ, அவர் கனடாவில் வளர்ந்தவரே இல்லை என்று காட்டின. 75 வருஷமாக வளர்ந்த ஊகங்களில் பல ஒரு லேப் ரிப்போர்ட்டில் காலி. கண்ணியில் கை வைத்தது அவர்தானா என்பதுகூட இன்றுவரை நிரூபணமாகவில்லை.

சரி, இப்போ 2019.

அந்த ஜூலையில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கு நெடுஞ்சாலைகளில் மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள். வேனில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இளம் ஜோடி, தாவரவியல் கற்பித்து வந்த 64 வயதுப் பெரியவர் ஒருவர். அதே பகுதியில் 19, 18 வயதுப் பையன்கள் இரண்டு பேரைக் காணவில்லை என்று போலீஸ் முதலில் அறிவித்தது. அவர்களுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். ஜூலை 23 அன்று போலீஸ் மாற்றிச் சொன்னது: அவர்கள்தான் சந்தேக நபர்கள். அவர்கள் ஓட்டி வந்த கார், 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் மனிடோபாவில் கில்லம் என்ற சிற்றூர் அருகே எரிந்து கிடந்தது. சுற்றிலும் சதுப்பு நிலம், அடர்ந்த காடு, கொசு, கரடி. ஊருக்கு ஒரே சாலை.

ராணுவ விமானங்கள், ட்ரோன்கள், மோப்ப நாய்கள் என்று 11,000 சதுர கிலோமீட்டர் தேடினார்கள். அதே நேரத்தில் உலகம் முழுக்க எல்லோரும் துப்பறிவாளர் ஆனார்கள். சரக்கு ரயிலில் ஏறியிருப்பாங்க, வேஷம் மாத்தியிருப்பாங்க, வீடியோ கேம் ஆடி ஆடிக் காட்டில் பிழைக்கக் கத்துக்கிட்டிருப்பாங்க என்று கதைகள். வேறு மாகாணங்களிலிருந்தெல்லாம் ‘பார்த்தோம்’ என்று தகவல் குவிந்தது.

ஜூலை 28 அன்று யார்க் லேண்டிங் என்ற பழங்குடிக் கிராமத்தில், குப்பைக் கிடங்குப் பக்கம் ஒல்லியாக, உயரமாக இரண்டு பேரைப் பார்த்ததாகத் தன்னார்வலர்கள் சொன்னார்கள். போலீஸ் படை மொத்தமும் அங்கே பறந்தது. கிராம மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேடிப் பார்த்தால் எதுவும் இல்லை. சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. நாள் கணக்கா டிவியில் அந்த இரண்டு முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா, தூரத்தில் அசையுற எதுவும் அந்த இரண்டு பேராத்தான் தெரியும்.

கடைசியில் என்ன ஆச்சு? நெல்சன் ஆற்றில் படகு ஓட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர், கரையில் நீல நிற ஸ்லீப்பிங் பேக் ஒன்றைக் கவனித்தார். அந்த இடத்தில் அது இருக்க வேண்டிய பொருள் இல்லை. போலீஸில் சொன்னார். ஆகஸ்ட் 7 அன்று, எரிந்த காரிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் இரண்டு சடலங்களும் கிடைத்தன. ஒருவர் மற்றவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டிருந்தார். நாடு முழுக்கத் தேடியவர்கள் எட்டு கிலோமீட்டரைத் தாண்டவே இல்லை.

என் வேலையில் சர்வர் விழுந்த ராத்திரிகள் நிறைய உண்டு. அந்த நேரத்தில் காலில் இருபது பேர் இருப்பாங்க. லாக் திறக்கிறதுக்கு முன்னாடியே பத்தொன்பது பேர் காரணம் சொல்லுவாங்க. ‘இந்த நேரத்துல இந்த எரர் வந்திருக்கு’ என்று ஒருத்தர்தான் சொல்லுவார். பிரச்சினை அங்கிருந்துதான் தீர ஆரம்பிக்கும். மலை தாண்டி வந்த குவிச்சின் வேட்டைக்காரரும் நெல்சன் ஆற்றுப் படகுக்காரரும் எனக்கு அந்த ஒருத்தராகத்தான் தெரியறாங்க. இரண்டு பேருக்கும் அந்த மண் தெரியும். அதனால்தான் அதில் எது புதுசு என்பதும் தெரிந்தது.

ஆனா சர்வர் விழுந்தா யாரும் சாகறதில்லை. இங்கே செத்திருக்காங்க. ஊகம் இலவசம் இல்லை, அதுக்கு ஒரு விலை இருக்கு. தவறான தகவல் ஒவ்வொன்றும் ஒரு விமானத்தை, ஒரு படையை இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஒரு கிராமத்தைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார வைக்கிறது. இன்னொரு விலை மெதுவாக வருவது. பதில் தெரியாத கேள்வியைச் சுற்றித்தான் கதை வளரும். கேள்வி எப்பவும் ஓடுறவனைப் பத்தினது. செத்தவங்களைப் பத்தி ‘யாரு, எங்கே போனாங்க’ன்னு கேக்க ஒண்ணும் இல்லையே.

மில்லனை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? 1981-ல் இந்தச் சம்பவத்தை வைத்து ‘டெத் ஹன்ட்’ என்ற ஹாலிவுட் படம் வந்தது. ஜான்சனாக சார்லஸ் பிரான்சன், ஹீரோ. மில்லனாக லீ மார்வின். அந்தப் படத்தில் மில்லன் சாகவே இல்லை. கடைசியில் ஜான்சனைத் தப்பிக்க விடுபவரே அவர்தான். கடமையில் இருந்தபோது சுடப்பட்டு இறந்த ஒரு மனிதரை, ஐம்பதே வருஷத்தில், தன்னைச் சுட்டவனை வழியனுப்பி வைக்கிறவராக்கி விட்டார்கள். கதைக்கு அது நல்லா இருந்திருக்கும். மில்லனுக்கு?

2019-ல் அந்த இரண்டு பையன்களும் சாவதற்கு முன் கேமராவில் பேசிச் சில வீடியோக்களை விட்டுச் சென்றிருந்தார்கள். கொலைகளை ஒப்புக்கொண்டிருந்தார்கள், காரணம் சொல்லவில்லை. கனடா போலீஸ் அவற்றை வெளியிடவில்லை. வெளியிட்டால் அவர்களுக்குப் பேரும் புகழும்தான் கிடைக்கும் என்றார்கள். பலருக்குக் கோபம். ஏன் செய்தார்கள் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார்கள். எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. அந்த வீடியோவில் காரணம் இல்லை. இருப்பதெல்லாம் இன்னொரு ‘மேட் டிராப்பர்’ உருவாகத் தேவையான கச்சாப் பொருள்.

அடுத்த தடவை எங்கேயாவது இப்படி ஒரு தேடல் நடக்கும்போது, உங்க ஃபோனிலும் ஒரு தியரி வந்து சேரும். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி போதும்: இது யாரோ பார்த்ததா, இல்ல யோசிச்சதா? பார்த்ததா இருந்தா போலீஸுக்குப் போகட்டும். யோசிச்சதா இருந்தா அங்கேயே நிக்கட்டும்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.