கொசு ஆபீசும் எங்கள் வீட்டுக் கிணறும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "மலேரியாவுக்குத்தான் தடுப்பூசி வந்துடுச்சே தாத்தா, அப்புறம் ஏன் வருஷத்துக்கு ஆறு லட்சம் பேர் சாகறாங்க?" அவள் சொன்ன கணக்கு சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் 5,97,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். முப்பத்து நாலு வருடம் வரலாறு நடத்திய எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகு அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருந்து இல்லை என்பது எந்தக் காலத்திலும் முழுக் காரணமாக இருந்ததில்லை. சிங்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். அது 1820. நோயை உண்டாக்கும் கிருமியை மனித ரத்தத்தில் பார்த்தவர் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர், 1880இல், அல்ஜீரியாவில். அதைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல். ஆக, மருந்து, கிருமி, கொசு மூன்றும் தெரிந்து ஐம்பது வருடம் கழித்து, சுதந்திரம் வந்த 1947இல், இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள்.

பிறகு டி.டி.டி. வந்தது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் அதையே ஒழிப்புத் திட்டமாக மாற்றினார்கள். வீடு வீடாகச் சுவரில் மருந்து அடித்தார்கள். 1965 வாக்கில் நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேருக்குத்தான் நோய். வெற்றி என்று எல்லோரும் நினைத்தார்கள். 1976இல் அதே எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது! கொசு டி.டி.டி.க்குப் பழகிவிட்டது என்பது ஒரு காரணம். பணமும் மருந்தும் நேரத்துக்கு வராதது, நகரங்களைக் கவனிக்காமல் விட்டது, சிறப்புத் திட்டம் விலகிய இடங்களில் சாதாரண ஆஸ்பத்திரிகள் பொறுப்பேற்கத் தயாராக இல்லாதது ஆகியவை மற்றக் காரணங்கள். இந்தக் கடைசிக் காரணத்தை நினைவில் வையுங்கள், நம் ஊர்க் கதையில் திரும்ப வரும்.

இந்தப் பின்னணியில்தான் 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நோய் பரப்பும் பூச்சிகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. வி.சி.ஆர்.சி. என்று பெயர். எங்கள் தெருவில் அதைக் கொசு ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பி.கே. ராஜகோபாலன் என்ற விஞ்ஞானி அதன் இயக்குநர். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்றவர்.

அந்த மையம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தையே பரிசோதனைக் களமாக எடுத்துக்கொண்டது. குறி யானைக்கால் நோய். அதைப் பரப்பும் கியூலக்ஸ் கொசு சாக்கடைத் தண்ணீரில் வளர்வது. உப்பளத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் உப்பாறு, இன்னொரு பக்கம் வாய்க்கால். மருந்து அடிப்பதை மட்டும் நம்பாமல் பள்ளத்தைத் தூர்ப்பது, சாக்கடையில் தண்ணீர் தேங்காமல் ஓட வைப்பது, கழிவுத் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவது, கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீன் விடுவது என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

சொல்வதற்கு எளிது. கொசு முட்டையிடும் இடம் எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தமா என்ன? தெருச் சாக்கடை நகராட்சியுடையது. பெரிய வாய்க்கால் பொதுப்பணித் துறையுடையது. ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் சுகாதாரத் துறையின் வேலை. கிணறும் கழிவுத் தொட்டியும் வீட்டுக்காரருடையவை. அரசுப் பள்ளியில் ஒரு கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட எத்தனை கடிதம் எழுத வேண்டும் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இத்தனை பேரையும் ஒரே வாரத்தில் ஒரே தெருவில் வேலை செய்ய வைப்பது கொசுவைக் கொல்வதைவிடப் பெரிய வித்தை.

எங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் வந்தார்கள். நீளக் காம்பு போட்ட வெள்ளைக் கரண்டியில் தண்ணீரை மொண்டு புழுவை எண்ணினார் ஒரு தம்பி. மீன் விடலாமா என்று கேட்டதும் என் அம்மா கொதித்துவிட்டார்கள்: "குடிக்கிற தண்ணியில மீனா? போய்யா வெளிய." தம்பி சண்டை போடவில்லை. மறுவாரம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நாலு மீனோடு வந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீரையே அதில் ஊற்றி, மீன் புழுவைப் பிடிப்பதை அம்மாவுக்குக் காட்டினார். அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது அம்மாவே வாளியை இறக்கிக் கொடுத்தார்கள். அந்தத் தம்பி மூன்று முறை நடந்த செலவை எந்தத் திட்ட அறிக்கையிலாவது தனியாகக் காட்டியிருப்பார்களா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மலேரியாவிலும் அந்த மையம் நம் கடற்கரையில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டது. அனாபிலிஸ் சப்பிக்டஸ் என்ற கொசுவை அதுவரை பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. தென்கிழக்குக் கடலோரக் கிராமங்களில் அதுவும் மலேரியாவைப் பரப்புகிறது என்று 1981இல் எழுதினார்கள். பாசி படர்ந்த கழிமுகத் தண்ணீரில் வளர்வது அது. பாசியை வாரினால் கொசு குறையும். ஆனால் கூலி இல்லாமல் யார் தினமும் வாருவார்கள்? வாரிய பாசியிலிருந்து காகிதம் செய்யலாம் என்று வழி தேடினார்கள். கேரளத்துச் சேர்த்தலையில் இதே மையம் குளத்துப் பாசிச் செடியை எடுத்துவிட்டு மீன் வளர்க்கச் சொன்னதும் இதே கணக்கில்தான். ஜனங்களுக்கும் நாலு காசு கிடைக்க வேண்டும் என்று யோசித்தார்களே, அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

நகரத் திட்டத்துக்கு வருவோம். ஐந்து வருடத்தில் கொசுக்கடி பெருமளவு குறைந்தது, குழந்தைகளிடம் தொற்றும் குறைந்தது. 1985இல் திட்டம் முடிந்து வேலை கைமாறியது. கொசு திரும்பி வந்தது. இதை வேறு யாரும் குற்றம் சொல்லி எழுதவில்லை. ஆராய்ச்சியாளர்களே கொசு பழைய நிலைக்குப் பெருகியதையும் அதன் விளைவையும் 1992இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்களுடைய நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் டி.டி.டி. காலத்துத் தவறு நம் தெருவிலேயே இன்னொரு முறை நடந்தது. தொடங்கி வைக்கும்போது எல்லோரும் கூடினார்கள். தொடர்ந்து நடத்தும் ஆள் யார், அவர் சம்பளம் எந்தக் கணக்கில் என்பதை மட்டும் யாரும் உறுதி செய்யவில்லை.

இப்போது பேத்தியின் தடுப்பூசி. ஆர்.டி.எஸ்.,எஸ். என்ற அந்த ஊசிக்கு 2015இலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சாதகமான கருத்துச் சொல்லிவிட்டது. ஆனால் நாலு தவணை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் நாலு முறை வருவாளா, ஊசி போட்டாச்சு என்று கொசுவலையைக் கைவிட்டுவிடுவார்களா என்ற கேள்விகள் இருந்தன. அதைப் பார்க்க மலாவி, கானா, கென்யா மூன்று நாடுகளிலும் 2019இல் முன்னோட்டம் தொடங்கியது. செய்தது நிறுவனம், பணம் தந்தவை காவி, குளோபல் ஃபண்ட், யூனிட்எய்ட் என்ற மூன்று அமைப்புகள், நடத்தியவை அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறைகள், மேற்பார்வை உலக சுகாதார நிறுவனம். ஊசி போட்ட பகுதிகளில் குழந்தைகள் சாவு 13 விழுக்காடு குறைந்தது. 2021 அக்டோபரில் பரிந்துரை வந்தது. அதன் பிறகு சரக்கு போதவில்லை! 2023இல், அடுத்த மூன்று வருடத்துக்குக் கையில் இருந்த 1 கோடியே 80 லட்சம் ஊசிகளைப் பன்னிரண்டு நாடுகளுக்குப் பங்கு போட்டார்கள். 2024 ஜனவரியில்தான் கேமரூன் தன் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்துப் போடத் தொடங்கியது. 2015இலிருந்து எண்ணினால் ஒன்பது வருடம். இரண்டாவது ஊசியான ஆர்21, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி, நம் புனே சீரம் நிறுவனத்தில் தயாராவது. அது வந்த பிறகு தட்டுப்பாடு தளர்ந்தது.

இந்தியாவில் இந்த வேலை ஒழுங்காக நடந்ததற்கு ஒடிசா உதாரணம். அங்கே மலைக்கிராமங்களில்தான் வி.சி.ஆர்.சி. பல வருடம் பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலைகளைச் சோதித்தது. 2017இல் அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட வலைகளைக் கொடுத்தது. ‘தமன்’ என்ற திட்டத்தில் சாலை இல்லாத ஊர்களுக்கும் ஆஷா பணியாளர்கள் நடந்து போய், காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். 2016இல் 4 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்த மலேரியா 2018இல் 70 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. நடந்தவர்கள் அந்த ஊரிலேயே வேலையில் இருப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

பேத்தி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம கிணத்துல இன்னும் மீன் இருக்கா?" என்றாள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கிணற்றை மூடிப் பல வருடமாகிறது. இப்போது மாடியில் தொட்டி. கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் நம்மூர் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டிக்குப் போய், அங்கே நகரங்களில் மலேரியாவைப் பரப்பிக்கொண்டிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். உடனே மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். போனோம். தொட்டி மூடி ஒரு ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு உடைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாற்ற ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த 1981–85 காலத்தில் உங்கள் வீட்டுக் கிணற்றிலும் மீன் விட்டிருந்தால் கீழே எழுதுங்கள். எந்தத் தெரு என்பதையும் சேர்த்து.