மீட்டர் கண்ணாடி பிறந்த கதை

குடவாசல் பக்கத்தில் பழைய மிராசு வீட்டுக் கொட்டகையில் நின்றுபோன பிளஷர் காரை மறுபடி ஓட்டிப்பார்க்க நினைக்கிறவர், முதலில் இன்ஜினையும் டயரையும்தான் பார்ப்பார். டேஷ்போர்டுக்குக் கண் போவது கடைசியில்தான். அங்கே ஸ்பீடாமீட்டரின் வட்டக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், இல்லாவிட்டால் உள்பக்கம் மங்கிப் பூத்திருக்கும். அழகுக்கு வைத்ததுதானே, கிடைத்ததை வெட்டி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்துவிடாதீர்கள். அந்தக் கண்ணாடி அழகுக்காகப் பிறந்ததில்லை.

1886-ல் காப்புரிமை பெற்ற பென்ஸின் முதல் காரில் மீட்டரும் கிடையாது, மீட்டர் பலகையும் கிடையாது. அந்தப் பலகை குதிரை வண்டியிலிருந்து வந்தது. குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறு சவாரியின் மேல் படாமல் தடுக்க முன்னால் நிறுத்திய தடுப்பு அது. குதிரை போய் இன்ஜின் வந்த பிறகும் பலகை நின்றது; அதன்மேல் மெல்ல மெல்ல மீட்டர்கள் ஏறின.

அவற்றில் முக்கியமானது ஸ்பீடாமீட்டர்; அதைக் காந்தத்தால் இயங்கச் செய்தவர் ஓட்டோ ஷுல்ட்ஸ. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்காரர். 1902-ல் ஜெர்மானியக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் ஓட்டம் ஒரு நெளியும் கேபிள் வழியே வந்து மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் கவிந்திருப்பது ஓர் அலுமினியக் கிண்ணம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் சுழலும் காந்தம் அதற்குள் மின்சாரச் சுழல்களை எழுப்பும். அவை கிண்ணத்தையும் கூடவே திருப்பப் பார்க்கும். அது முழுச் சுற்று சுற்றிவிடாமல் பிடித்து நிறுத்துவது கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற மெல்லிய சுருள்வில். வேகம் ஏற ஏற இழுப்பு கூடும். வில் விட்டுக்கொடுக்கும் அளவுக்குக் கிண்ணத்தோடு இணைந்த முள் நகரும்.

ஆக, முள்ளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நேரான பிடிப்பே இல்லை. காந்தத்தின் இழுப்பு மட்டும்தான். கொஞ்சம் காற்று, கொஞ்சம் புழுதி, உள்ளே நுழைந்த ஒரு கொசு போதும், முள் பொய் சொல்ல. அதனால்தான் அதைக் கண்ணாடிக்குள் வைத்து மூட வேண்டியிருந்தது. மூடத் தெரிந்தவர்களும் அப்போது கடிகாரக்காரர்கள்தான். 1904-ல் இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்ட் மன்னர் காருக்கு ஸ்பீடாமீட்டர் செய்துகொடுத்த ஸ்மித் நிறுவனம், லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே அங்கே மணிக்கு 20 மைல் என்ற வேக வரம்பும் நடைமுறைக்கு வந்திருந்தது. வேகத்தைக் காட்டும் கருவிக்குத் தேவை பிறந்துவிட்டது.

1957-ல் வந்து 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசிடரிலும் நெடுங்காலம் இதே காந்தமும் கேபிளும்தான். கேபிளில் எண்ணெய்ப் பசை காய்ந்தால் முள் துடிக்கும். அந்தக் காரில் போனவர்களுக்கு அந்தத் துடிப்பு தெரியும்.

மீட்டர்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபோது, கண்ணாடியைப் பிடிக்கும் உலோக வளையத்தின் விளிம்பைப் பின்பக்கமாக மடித்து அழுத்திவிட்டார்கள். திறக்க நினைத்துச் செய்தது அல்ல அது. சிறு ஸ்க்ரூடிரைவரால் மடிப்பைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வோர் இடத்திலும் துளித்துளியாகத்தான் நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் வளையம் கிழியும். கிழிந்துபோனால், நாச்சியார்கோவில் பக்கம் பித்தளை வேலையும் கடைசலும் தெரிந்த கைகள் இருக்கின்றன; கேட்டுப் பார்க்கலாம். கண்ணாடிக்குச் சாமி படம் பிரேம் போடும் கடை போதும். சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனம். வட்டமாகக் கீறி, வெளிப்பக்கத்தைத் துண்டு துண்டாக உடைத்தெடுத்து, விளிம்பைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் போடச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். உலர்ந்த துணியால் துடைத்தாலே பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறும். லேசான முள்ளை அது இழுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. 1920, 30-களில் செய்த சில மீட்டர்களில் எண்களும் முள்ளும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். இன்று அது ஒளிராது. ஒளிரும் உப்புதான் செத்தது, ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். உதிரும் தூள் மூச்சில் போனால் எலும்பில் தங்கும். பழுப்பேறித் தடித்த எழுத்துகளைக் கண்டால் மீட்டரைத் திறக்கவே வேண்டாம்.

மற்றவற்றை மூடும்போது சிலிக்கான் பசையைத் தொடாதீர்கள். அதில் பல வகைகள் காயும்போது புளித்த ஆவியை விடும். செம்பும் பித்தளையும் பச்சை பூக்கும். பழைய ரப்பர் வளையத்துக்குப் புது ரப்பர் போதும். பல்பு ஓட்டை, கேபிள் ஓட்டை வழியே மீட்டர் மூச்சுவிடுவது நல்லது, அவற்றை அடைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூடினால் டெல்டாவின் ஈரக்காற்று உள்ளேயே தங்கிப் பனிக்கும். அறுவடை முடிந்து காற்று உலர்ந்த பங்குனியில், வெயில் ஏறிய பிறகு மூடுங்கள்.