நந்திதுர்க் லைன் வீடும் சிறார் வரலாற்றுப் புனைகதையும்

ஒரே வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரின் கதையைச் சிறுவர்க்குச் சொல்லும் வரலாற்றுப் புனைகதை ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளது. ஆஸ்திரேலியாவின் நாடியா வீட்லி எழுதி, டோனா ராலின்ஸ் ஓவியம் தீட்டிய 'மை பிளேஸ்' இவ்வகையில் பெரிதும் அறியப்பட்ட நூல். 1988இல் தொடங்கிப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கிச் சென்று 1788இல் முடியும் இந்நூலில், ஓரிடத்தில் வாழ்ந்த குழந்தைகள் ஒவ்வொருவராகத் தம் இடத்தைப் பற்றிப் பேசுகின்றனர். குடியிருப்போர் மாறுவர், இடம் மாறாது.

இவ்வடிவத்தைத் தமிழுக்குக் கொணர விழைவோர்க்கு இடர்ப்பாடு தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்க் குழந்தை 'என் வீடு' என்பதினும் 'எங்கள் வீடு' என்பதே பெருவழக்கு. அது கேட்போரை விலக்கும் பன்மை. அவரையும் உளப்படுத்தினால் 'நம் வீடு' ஆகும். ஆங்கிலம் காட்டாத இவ்வேறுபாட்டைத் தமிழில் காட்டாமல் எழுத இயலாது.

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புகள் இதனை ஆராயத் தக்க களம். (மலைக்கோட்டையின் பெயரைச் சுரங்கம் தாங்கியிருப்பதால், மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.) 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் இப்பகுதியில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களுள் ஆதிதிராவிடர் பெருந்தொகையினர். மூங்கில் தட்டிகளால் அடைத்த குடிசைகளே முதல் வீடுகள். செங்கல் வீடுகள் பிற்காலத்தன. வரிசையாக அமைந்தமையால் அவை 'லைன்' எனப்பட்டன. அச்சொல்லை 'தெரு' எனப் பெயர்த்தால் பொருள் சிதையும். தெருவில் வீட்டுக்காரர் உண்டு. லைனில் கம்பெனி மட்டுமே உண்டு.

வேலை உள்ளவரையே வீடு என்பதே லைனின் அடிப்படை. தந்தைக்குப் பின் மகனும் அதே சுரங்கத்தில் இறங்கிய குடும்பங்களில் வீடும் தொடர்ந்தது. ஆதலின் 'பரம்பரை வீடு', 'பூர்வீக வீடு' ஆகிய சொற்கள் இங்குப் பொருந்தா. பரம்பரையாக வந்தது சுவரன்று, சுரங்கத்து வேலையே. உடைமையாளரோ மாறிக்கொண்டே வந்தனர். 1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. வீட்லியின் அமைப்பு இங்குத் தலைகீழாகிறது: குடும்பம் நிலைக்க, வீட்டுக்குரியோர் மாறுகின்றனர்.

புனைவோர்க்குக் காலப்பிழை நேரக்கூடிய இடங்களும் உள. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது மெய். அது வந்தது இயந்திரங்களுக்கு. 1905இன் குடிசையில் மின்விளக்கை ஏற்றுவது பிழையாகும். அதே வேளையில், அக்குடிசையை எழுத்தறியா இருளாகக் காட்டுவதும் பிழையே. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழ், பின்னர் 'தமிழன்' எனப் பெயர் பெற்றுத் தங்கவயலில் வாசகரைப் பெற்றிருந்தது; 1926இல் ஜி. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். தாத்தா இதழை உரக்கப் படிக்கப் பேரன் கேட்கும் காட்சி வரலாற்றுக்கு ஒத்ததே. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தமும் அத்தகைய வீட்டுக்குள் பேசப்பட்டிருக்கும் செய்தி. ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும்போது மேலே தரை அதிர்ந்ததையும் விட்டுவிடலாகாது. அதனைச் சுரங்கத்தார் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். அதிர்ச்சி எவர் இறங்கிய ஷிப்டில் நேர்ந்தது என்பதே வீட்டிலிருப்போரின் முதல் கேள்வி. 'நிலநடுக்கம்' என எழுதினால் அக்கேள்வியே எழாது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று, குடும்பங்கள் பல அதே வீடுகளில் தங்கின. அவ்வீடுகளைத் தமக்கே உரிமையாக்க வேண்டுமெனத் தொழிலாளர் கோரினர். 2001க்கான இயலில் ஒரு சிறுமி 'இது எங்கள் வீடு' என்பாளாயின், 1900இன் சிறுவன் சொன்ன அதே தொடர் அவள் வாயில் வழக்காடும் சொல்லாகிறது. இரண்டு இயல்களிலும் அத்தொடரை எழுத்து மாறாமல் வைப்பதே மொழிபெயர்ப்பாளர்க்குத் தக்கது. இரண்டாவதை 'எங்களுக்குச் சொந்தமான வீடு' என விளக்கி விரித்தல், இன்னும் கிட்டாத உரிமையைக் கிட்டியதாகக் காட்டிவிடும்.