கடன் கொப்பியும் விலைச்சீட்டும்: ருவான்வெல்லைத் தோட்டங்களின் கடைக் கணக்கு

ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் அரிசிக்கும் பருப்புக்கும் என்ன விலை என்பது நெடுங்காலம் இரண்டு இடங்களில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது: தோட்டக் கந்தோரின் சம்பளப் பதிவேடான செக்ரோலிலும் கடைக்காரரின் கொப்பியிலும். பொருளின் உறையிலேயே விலை அச்சாகி வருவதும், அதற்கு மேல் கேட்பது குற்றமாவதும் அண்மைக் காலத்து வரவுகள். அந்த விலைச்சீட்டு தோட்டத்து ஆளின் கைக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. வந்த பிறகும் அது முழுமையாகப் பயன்படவில்லை. கடனில் வாங்குபவரால் விலையைத் தட்டிக்கேட்க முடியாமற்போனதே அதற்குப் பெரிய காரணம்.

ஊர் சந்தைக்குப் புதியதல்ல. குருகொட ஓயா களனி கங்கையோடு கலக்கும் இடம் அது. கண்டி இராச்சியத்துக்கும் கரையோரத்துக்கும் இடையிலான எல்லைப் பகுதியாக இருந்ததால் மலையிலிருந்து பாக்கு இறங்கியது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறின. பிரித்தானியர் காலக் கோட்டையின் எச்சம் இன்றும் ஊரில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தபோது இந்தப் பழைய வழிகள் புது வேகம் பெற்றன. களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதை ரயில் 1902இல் அவிசாவளையையும் 1903இல் யட்டியாந்தோட்டையையும் எட்டியது. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயன்களை நிரப்பின.

அந்தக் குடும்பங்கள் தோட்டத்துக்கு வரும்போதே கடனாளிகளாக வந்தன. கப்பல் செலவு, வழிச் சாப்பாடு, ஊரில் விட்டுவந்த கடன் எல்லாம் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' தேவைப்பட்டது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கடன் தொகை சரியா என்று பார்க்க உரியவருக்கு வழியில்லை; பெரும்பாலானோருக்கு எழுத்து தெரியாது. துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது.

தோட்டங்கள் தரும் அரிசியின் விலையில் சட்டம் தலையிட்டது 1927இல். அந்த ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் கூலியை மட்டும் நிர்ணயித்து நிற்கவில்லை. தோட்டம் தரும் அரிசிக்கும் அது உச்ச விலை வைத்தது: ஒரு புசல் 6 ரூபாய் 40 சதம். புசலுக்கு 32 கொத்து என்பதால் கொத்து 20 சதம் ஆகிறது. தாழ்நிலத் தோட்டங்களில் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். ஒரு நாள் முழுதும் வேலை செய்த பெண்ணின் கூலிக்கு இரண்டு கொத்து அரிசி, வேறெதுவும் இல்லை. ஆயினும் விலை இவ்வளவுதான் என்று அரசாங்கம் எழுதிவைத்ததும், அதைவிடக் கூடுதலாகச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்றதும் பெரிய மாற்றம். இந்தத் தோட்டங்களின் ஆட்களுக்குச் சட்டப்படி கிடைத்த முதல் விலைச்சீட்டு அதுவே என்று சொல்லலாம். அது செக்ரோலில் இருந்தது. ஆளின் கையில் இல்லை.

அரிசிக்கு வெளியே எல்லாமே கடைவீதிக் கணக்கு. பருப்பு, செத்தல் மிளகாய், மண்ணெண்ணெய், கருவாடு, வெற்றிலை ஆகியவற்றைத் தோட்டத்து எல்லையிலுள்ள சில்லறைக் கடையும் ருவான்வெல்லை, கரவனெல்லை, யட்டியாந்தோட்டைக் கடைகளும் கடனுக்குக் கொடுத்தன. சிறுவர்களிடம் கொப்பியைக் கொடுத்து அனுப்பினால் கடைக்காரர் பொருளையும் கொடுத்துக் கொப்பியிலும் எழுதிவிடுவார். பெரும்பாலும் பொருளின் பெயரும் தொகையும் மட்டும் இருக்கும்; எத்தனை கொத்து, கொத்து என்ன விலை என்பது இராது. சம்பள நாளில் மொத்தத்தைப் பார்த்துக் கொடுப்பதோடு கணக்கு முடியும். மழை பெய்து ரப்பர்ப் பால் வெட்டு நின்ற மாதங்களில் பாதிதான் கட்ட முடியும். மீதி நிற்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது, விலையைப் பற்றிப் பேசவும் முடியாது. இதையெல்லாம் கடைக்காரரின் நேர்மையீனம் என்று மட்டும் பார்ப்பது நியாயமாகாது. மழைக்காலத்தில் அடுப்பு எரிய வைத்ததும் அதே கொப்பிதான்.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை வேறு பக்கமாகத் திருப்பியது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அரிசி வரவு அறுந்தது; பங்கீடு வந்தது; கூட்டுறவுச் சங்கக்கடைகள் பெருகின. பங்கீட்டுக் கூப்பன் அரிசியின் விலை நாடு முழுதும் ஒன்றே. கொழும்பில் இருப்பவருக்கும் லயனில் இருப்பவருக்கும் தெரிந்த விலை என்பதால் அதைக் கூட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை. அந்த விலை எவ்வளவு ஆழமாக மக்கள் மனத்தில் பதிந்திருந்தது என்பதை 1953 காட்டியது. ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஹர்த்தாலை முன்னின்று நடத்திய லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானது ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்தே.

ஹர்த்தாலுக்கு முன்பே வந்த 1950ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருள்களுக்கு உச்ச விலை விதிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் கடைகள் பொதி செய்த பொருள்களால் நிறைந்தன. விலையைச் சாக்கில் குத்திய அட்டையிலோ கடைக்காரரின் வாயிலோ தேடிய காலம் போய், உறையில் தேடும் காலம் வந்தது. 1979ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டு வர்த்தக ஆணையாளருக்கு விலை குறிக்கும்படி பணிக்கும் அதிகாரத்தை அளித்தது. உலக அளவிலும் அது இவ்வுரிமைகள் வலுப்பெற்ற காலம்: 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டல்களை ஏற்றது, இந்தியா 1986இல் தன் சட்டத்தை இயற்றியது.

இன்று நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். 1950, 1979 சட்டங்கள் இரண்டும் அதனால் நீக்கப்பட்டன. விலையைப் பொறுத்தவரை அதன் சாரம் சில பிரிவுகளில் இருக்கிறது. 10ஆம் பிரிவின் கீழ் உயர்ந்தபட்சச் சில்லறை விலையை உறையில் குறிக்கும்படி அதிகார சபை பணிக்கலாம். அப்படிக் குறித்ததை அழிப்பதும் மாற்றுவதும், மாற்றியதை விற்பதும் 11ஆம் பிரிவின்படி குற்றம். 26ஆம் பிரிவு கடையில் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்கச் சொல்கிறது. 28ஆம் பிரிவு கேட்டவருக்குப் பற்றுச்சீட்டு கொடுக்கச் சொல்கிறது. வாங்குபவரை ஏமாற்றக்கூடிய நடத்தையையும் பொய்யான கூற்றுகளையும் 30, 31ஆம் பிரிவுகள் தடுக்கின்றன. தட்டில் ஒரு விலையும் காசாளர் மேசையில் இன்னொரு விலையும் இருப்பது இவற்றின் கீழ் வரும்.

இந்தப் பிரிவுகளின் அவசியம் 2021, 2022 ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு உணரப்பட்டது. இறக்குமதிப் பால்மாவின் 400 கிராம் பக்கெட் 2021 அக்டோபரில் 380 ரூபாயிலிருந்து 480 ஆனது. 2022 மார்ச்சில் 790ஐத் தொட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்டு அப்போது ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. விலை இவ்வேகத்தில் ஏறும்போது பழைய இருப்பில் 380 என்று அச்சான பக்கெட்டின் மேல் 480 என்ற சிறு ஸ்டிக்கரை ஒட்டினால் கையில் எடுத்தவருக்குச் சட்டென்று தெரியாது. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தால் அடியிலுள்ள எண் தெரியும். அதுதான் சட்டப்படி செல்லும் விலை. அடுத்த சரக்கை ஏற்றிய விலைக்கு வாங்க வேண்டுமே என்பது வியாபாரி சொல்லும் காரணம். அந்தப் பக்கெட்டைப் பழைய விலைக்கு வாங்கி வைத்தவர் அவர் என்பதால், அந்தக் காரணத்தை ஏற்பதற்கில்லை.

2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தம் உயர்ந்தபட்ச விலையை மீறுவோருக்கான தண்டப்பணத்தைப் பெருமளவு உயர்த்தியது: தனிநபர் வியாபாரிக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபாய் வரை, கம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை. சிறு பொருளுக்கும் இது பொருந்தும். 2025இல் 500 மில்லிலீற்றர் குடிநீர்ப் போத்தலுக்கு 70 ரூபாயும் ஒரு லீற்றருக்கு 100 ரூபாயும் உச்ச விலையாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. குளிரூட்டியதற்கென்று தனியாக வாங்க அதில் இடமில்லை.

முறைப்பாட்டை அதிகார சபைக்கு எழுத்தில், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்; 1977 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் தகவல் சொல்லலாம். பற்றுச்சீட்டும் ஸ்டிக்கரோடு கூடிய உறையும் சான்றாகும். தோட்டத்துக் கடையில் தடங்கல் இங்கேதான். அங்கே பக்கெட்டைப் பிரித்துப் பால்மாவை ஐம்பது கிராம், நூறு கிராமாக உதிரியாக விற்பது வழக்கம். அச்சிட்ட விலை உறையோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. அப்படி வாங்குபவருக்கு 26ஆம் பிரிவு சொல்லும் விலைப்பட்டியலே விலைச்சீட்டு. கடனுக்குக் கொடுத்தாலும் அது விற்பனைதான் என்பதால், கொப்பியில் தொகை ஏறும்போது பொருள், நிறை, விலை எழுதிய சீட்டைக் கேட்கும் உரிமையும் வாங்குபவருக்கு உண்டு.