அப்பன் சுரங்கத்தில், பிள்ளை பதிவேட்டில்

நம் புதுவையில் என் வயதுக்காரர்களுக்கு எத்தா சிவில் என்றால் விளக்க வேண்டியதில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் மேரியில் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் பிரெஞ்சு நிர்வாகத்துக்கு அந்த ஆளே இல்லை. அந்தப் பதிவேடு ஒரு கைக்குழந்தைக்கு என்ன செய்தது என்பதை அறிய, வட பிரான்சின் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும்.

1906 மார்ச் 10, சனிக்கிழமை காலை. நிலக்கரித் தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். பையன்களும் அதில் உண்டு. 20 நாள் கழித்து 13 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அதனால் உடல் கிடைக்காத வீடுகளில் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

வயிற்றில் பிள்ளையோடு நின்ற ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். கணவனின் உடல் இல்லை. உடல் இல்லாமல் இறப்பை எப்படிப் பதிவது? அதற்கு நெப்போலியன் காலத்திலேயே வழி செய்திருந்தார்கள். 1813 ஜனவரி 3 தேதியிட்ட ஆணைப்படி, உடலை நெருங்க முடியாவிட்டால் மேர் அதை எழுதி அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் அந்தத் தாள் பதிவேட்டோடு சேர்க்கப்படும்.

குழந்தை பிறந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தகப்பன் இல்லாததால் மருத்துவச்சி போய்ச் சொல்லலாம். கணவன் இறந்து 300 நாளுக்குள் பிறந்தால் பிள்ளை அவனுடையதே என்பது சட்டம். அதாவது 1907 ஜனவரி 4 வரை.

தேடுபவர் இனிப் பின்னோக்கிப் போகலாம். பெற்றோரின் திருமணப் பதிவில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியின் பெயரும், மணமக்கள் பிறந்த ஊரும் இருக்கும். பிழைப்புக்காக எந்த ஊரிலிருந்து சுரங்கத்துக்கு வந்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பிரான்சில் மக்கள் கணக்கெடுப்பு நடந்தது 1906 மார்ச் 4 அன்று, விபத்துக்கு ஆறே நாள் முன்பு. அந்தப் பட்டியலில் தகப்பன் இன்னும் குடும்பத் தலைவனாக, தொழில் சுரங்கத் தொழிலாளி என்று இருப்பான்.

இதெல்லாம் தாலி கட்டியவர்களுக்கு. 1898 ஏப்ரல் 9 விபத்துச் சட்டப்படி விதவைக்குக் கணவன் சம்பளத்தில் 20 சதவீதம்; தாய் உயிரோடிருக்க ஒரே பிள்ளை என்றால் அதற்கு 16 வயது வரை 15 சதவீதம். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு ஒன்றுமில்லை. அவள் பிள்ளையை விபத்துக்கு முன்பே தகப்பன் தன்னுடையது என்று ஏற்றுப் பதிந்திருந்தால்தான் அதற்கும் பணம்.

பிறக்காத பிள்ளையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு எவன் குழியில் இறங்குவான்? அப்படிப்பட்ட குழந்தையின் பதிவில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். தகப்பன் அதே குழியில்தான் இறந்தான் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். பதிவேட்டுக்குத் தெரியாது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் தேடினாலும் அந்த இடத்தோடு நின்றுவிடுவார்கள்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களைக் குப்பை என்று போட்டுவிடாதீர்கள்.